கடைசியில் தள்ளிவைக்கப்பட்ட பாட்டும் அதற்கு முந்தைய ஒன்பதும்

ஹியூமன் லீக் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் 'டேர்' ஆல்பம் 1981 அக்டோபரில் வெளிவந்தபோது, அதன் பத்துப் பாட்டுகளில் 'டோன்ட் யூ வான்ட் மீ' கடைசியாக இருந்தது. அதைப் பாடிய பிலிப் ஓக்கிக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. ஆல்பத்திலேயே சுமாரானது அதுதான் என்று கருதி, இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தின் கோடியில் அதைத் தள்ளிவைத்தார். இசைத்தட்டு நிறுவனமான வர்ஜின் அதை இந்த ஆல்பத்தின் நான்காவது சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, வெளியிட முனைந்தபோதும் அவர் எதிர்த்தார். ஏற்கெனவே மூன்று சிங்கிள்களைக் காசு கொடுத்து வாங்கிய ரசிகர்களின் தலையில் நான்காவதையும் கட்டுவது ஏமாற்று வேலை என்பது அவருடைய வாதம். சிங்கிளோடு ஒரு பெரிய வண்ணப் போஸ்டரையும் சேர்த்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் கடைசியில் இணங்கினார். அந்தச் சிங்கிள் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் கிறிஸ்துமஸ் சமயத்தில் முதலிடத்துக்கு வந்து ஐந்து வாரம் அசையாமல் நின்றது; 1982 ஜூலையில் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்து மூன்று வாரம் நீடித்தது.

பெரிய ஹிட் பாட்டுகளுடன் கூடப் பிறந்த பாட்டுகளுக்கு வழக்கமாக நேர்வதே அதன்பிறகு இங்கும் நேர்ந்தது. பாட்டு தனியே பிரிந்து வானொலிக்கும் விருந்துகளுக்கும் கரோக்கே மேடைகளுக்கும் போய்விட்டது; மற்ற ஒன்பதும் 'அந்தப் பாட்டு இருக்கிற ஆல்பம்' என்ற ஒற்றை அடையாளத்துக்குள் ஒடுங்கிவிட்டன. ஆனால் ஊசியை முதல் பாட்டில் வைத்து வரிசை குலையாமல் கேட்பவருக்கு ஒன்று புலப்படும். ஓக்கி தன் பாட்டைக் குறைத்து எடைபோட்டது தவறு. அந்தத் தவறான காரணத்துக்காக அவர் அதை வைத்த இடம் மிகச் சரியானது. முந்தைய ஒன்பதையும் கேட்டு முடித்த காதில் அந்தப் பத்தாவது பாட்டு இனிமையாக விழுவதில்லை, கொஞ்சம் அச்சுறுத்தலாகவே விழுகிறது.

இந்த ஆல்பத்தைச் செய்த குழு, அதற்கு ஓராண்டு முன்புவரை இந்த வடிவத்தில் இருக்கவே இல்லை. இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்களாக வேலை பார்த்துவந்த மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் ஆகிய இருவரின் முயற்சியில் உருவானது ஹியூமன் லீக். ஓக்கி, வேரின் பள்ளிக்கால நண்பர். மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்லும் வேலையில் இருந்தவர். பாடிய அனுபவம் அவருக்கு இல்லை; பார்ப்பதற்குப் பாப் நட்சத்திரம் போல இருந்தார் என்பதே அவரைச் சேர்த்துக்கொள்ளப் போதுமான தகுதியாக இருந்தது. 1978இல் வெளியான 'பீயிங் பாயில்ட்' என்ற முதல் சிங்கிளும், பின்னர் வந்த 'ரீப்ரொடக்ஷன்', 'டிராவலாக்' என்ற இரண்டு ஆல்பங்களும் அவர்களுக்கு மதிப்பைத் தேடித் தந்த அளவுக்குப் பணத்தைத் தேடித் தரவில்லை. 1980இன் இறுதியில் குழு உடைந்தது. வேரும் மார்ஷும் வெளியேறி ஹெவன் 17 என்ற குழுவுக்கு அடித்தளமிட்டார்கள். குழுவின் பெயரும், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த கடனும், ஒப்புக்கொண்டிருந்த ஐரோப்பியச் சுற்றுப்பயணமும் ஓக்கியின் பங்குக்கு வந்தன. விலகிச் சென்றவர்களுக்கு அடுத்த ஆல்பத்தின் வருமானத்தில் 1 சதவீதம் என்று பேசி முடித்தார்கள். அந்த அடுத்த ஆல்பம் இன்னதாக இருக்கப்போகிறது என்று அப்போது இரு தரப்பிலும் யாருக்கும் தெரியாது.

ஓக்கியோடு தங்கியவர் ஏட்ரியன் ரைட் ஒருவர்தான். மேடையில் பின்திரையில் ஸ்லைடு படங்களைக் காட்டுவதே அதுவரை அவர் வேலையாக இருந்தது. இசைக்கருவி வாசிப்பவராக அவர் அறியப்பட்டிருக்கவில்லை. ஆக, பயிற்சி பெறாத ஒரு பாடகரும் ஒரு ஸ்லைடு புரொஜெக்டரும் மிஞ்சியிருந்த குழுவுக்குச் சில நாட்களில் வெளிநாட்டு மேடைகள் காத்திருந்தன. வேர் பாடிவந்த உச்சஸ்தாயிப் பின்குரலை ஈடுகட்ட ஒரு பெண் குரலைத் தேடிய ஓக்கி, ஷெஃபீல்டின் கிரேஸி டெய்சி என்ற இரவு விடுதியில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைப் பார்த்து, இருவரையுமே அழைத்தார். ஜோஆன் கேத்தராலுக்கு வயது 18, சூசன் சலிக்கு 17. அந்தச் சுற்றுப்பயணத்தின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்க அவர்கள் ஏற்கெனவே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். மேடை அனுபவம் சிறிதும் இல்லாத இருவரையும் அவர்களுடைய பெற்றோரிடம் பேசி அனுமதி பெற்றுத்தான் அழைத்துச்செல்ல முடிந்தது. பின்னர் இயன் பர்டனும், ரெசில்லோஸ் என்ற பங்க் குழுவில் கிட்டார் வாசித்த ஜோ காலிஸும் சேர்ந்தார்கள். கிட்டார் கலைஞரான காலிஸ் இங்கே வந்து மின்னணு ஒலிகளை எழுப்பும் சின்தசைசரைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தக் குரல்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் 'டேர்' ஆல்பத்தை முதன்முறை முழுதாகக் கேட்பவர்களுக்கு உறுத்துவது பெரும்பாலும் இவைதான். ஓக்கியின் குரல் கனமான கீழ்ஸ்தாயிக் குரல்; அதில் நெகிழ்வு குறைவு, அறிவிப்புச் செய்யும் தொனி அதிகம். சலியும் கேத்தராலும் பாடும்போது சுரம் சில இடங்களில் இம்மியளவு கீழே இறங்கி நிற்கும். மூச்சு எடுப்பது கேட்கும். சொற்களில் ஷெஃபீல்டின் வட்டார உச்சரிப்பு தெரியும். கைதேர்ந்த பின்னணிப் பாடகியர் இருவரை வைத்து இதையே பாடவைத்திருந்தால் குறை ஒன்றும் இருந்திருக்காது, ஆல்பமும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இசை முழுவதும் இயந்திரத்தின் துல்லியத்தில் ஓடும்போது, அதன் மேல் இருக்கும் குரல் அவ்வளவு துல்லியமாக இல்லாததே கேட்பவருக்கு ஒரு பிடிமானத்தைத் தருகிறது. பாடத் தெரிந்தவர்கள் பாடுவதாக இல்லாமல், சொல்ல ஏதோ இருப்பவர்கள் பாடுவதாக அது ஒலிக்கிறது.

அந்த இயந்திரத் துல்லியம் தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட் கொண்டுவந்தது. பஸ்காக்ஸ், ஸ்ட்ராங்லர்ஸ் போன்ற கிட்டார் குழுக்களின் ஆல்பங்களைத் தயாரித்துப் பெயர் பெற்றிருந்த அவர், பெர்க்‌ஷயரில் ஸ்ட்ரீட்லி என்ற கிராமத்தில் ஜெனடிக் என்ற ஸ்டூடியோவை நடத்திவந்தார். அங்கிருந்த கருவிகளில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டாலே இந்த ஆல்பத்தின் ஒலி ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

முதலாவது ரோலண்ட் எம்சி-8 என்ற சீக்வென்சர், அதாவது சுர வரிசையை நினைவில் வைத்து சின்தசைசரைத் தானாக வாசிக்கவைக்கும் கருவி. இதில் சுரங்களை விசைப்பலகையில் வாசித்துப் பதிவது வழக்கமில்லை. கால்குலேட்டரில் இருப்பதைப் போன்ற எண் பொத்தான்களைத் தட்டி, ஒவ்வொரு சுரத்தையும் எண்களாக உள்ளிட வேண்டும். எந்தச் சுரம் என்பதற்கு ஓர் எண், அடுத்த சுரம் எவ்வளவு நேரம் கழித்து வரவேண்டும் என்பதற்கு ஓர் எண், இந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதற்கு இன்னோர் எண். கடைசியாகச் சொன்ன எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைச் சிறிதாக வைத்தால் சுரம் சட்டென்று அறுபட்டு, அடுத்த சுரம் வரும்வரை ஓர் இடைவெளி விழும். 'டேர்' முழுவதும் நாம் கேட்கும் அந்தக் கறாரான, ஒன்றோடொன்று ஒட்டாத சுர வரிசைகள் இந்த இடைவெளிகளால் ஆனவை. விரல்களால் வாசிப்பவர் அறியாமலே ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போய்விடுவார். எண்களால் வாசிப்பவருக்கு அப்படி இழைய வேண்டுமென்றால் அதையும் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்காவின் ரோஜர் லின் 1980இல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷின். நிஜ டிரம்களின் ஒலியைப் பதிவுசெய்து சில்லுகளில் அடைத்து வைத்திருந்த முதல் டிரம் மெஷின் அது. அதற்கு முந்தையவை மின்சுற்றுகளால் டிரம்மைப் போல ஒலியெழுப்ப முயன்றவை. நினைவகச் சில்லுகள் யானை விலை விற்ற காலம் என்பதால், நீண்டு ஒலித்து மெல்ல அடங்கும் பெரிய சிம்பல்களுக்கு, அதாவது டிரம்மோடு சேர்த்து அடிக்கும் உலோகத் தட்டுகளுக்கு, அதில் இடம் தரவில்லை. ராக் இசையில் பல்லவி தொடங்கும் இடத்தை டிரம்மர் ஒரு சிம்பல் வீச்சால் அறிவிப்பார். கேட்பவரின் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். இந்த மெஷினிடம் அந்த வீச்சு இல்லை. அந்தக் குறை தெரியாதபடி குரல்களும் சின்தசைசரும் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த ஆல்பத்தின் ஒலியில் ஒரு வெற்றிடம், குளிர்பதன அறையின் சுத்தம் போன்ற ஏதோ ஒன்று இருப்பதாக உணர்பவர்கள், தங்களை அறியாமலே அந்தச் சிம்பலின் ஒலியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

ரஷன்ட்டின் பங்கு எவ்வளவு என்பதை அறிய விரும்புவோர் 1982இல் அவர் வெளியிட்ட 'லவ் அண்ட் டான்சிங்' ஆல்பத்தைக் கேட்கலாம். 'டேர்' பாட்டுகளின் ஒலிநாடாவைக் கையால் வெட்டி ஒட்டி, குரல்களைப் பெரும்பாலும் நீக்கி, நடனத்துக்கான நீண்ட வடிவங்களாக அதை அமைத்தார். அதற்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். சொற்களை உருவிவிட்ட பிறகும் இந்தப் பாட்டுகள் நிற்கின்றன என்பதை அது காட்டுகிறது. என்னைக் கேட்டால் அதை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும். ஏனெனில் 'டேர்' ஆல்பத்தின் சொற்கள் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக்கூடியவை அல்ல.

முதல் பக்கம் ஆசைகளின் பக்கம். தொடக்கப் பாட்டான 'தி திங்ஸ் தட் டிரீம்ஸ் ஆர் மேட் ஆஃப்' ஒரு பட்டியல் மட்டுமே: ஊர் சுற்ற வேண்டும், நியூயார்க், ஐஸ்கிரீம், தொலைக்காட்சி, நண்பர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகும் ஓக்கி, நடுவே நார்மன் விஸ்டம் என்ற பழைய பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகரையும், ரமோன்ஸ் பங்க் குழுவினர் மூவரின் முதற்பெயர்களையும் ஒரே மூச்சில் சேர்த்துக்கொள்கிறார். உயர்ந்த ரசனை, தாழ்ந்த ரசனை என்ற பாகுபாடு இல்லாமல், கடைத்தெருவில் கிடைக்கும் எதையும் கனவின் கச்சாப் பொருளாக ஏற்கும் மனம் அது. கேலி செய்கிறாரா, மெய்யாகவே சொல்கிறாரா என்பது குரலில் தெரியாது. பட்டியலை ஒப்பிக்கும் அந்த உணர்ச்சியற்ற தொனியில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. அடுத்து வரும் 'ஓப்பன் யுவர் ஹார்ட்' பிரிட்டனில் ஆறாம் இடம்வரை போன சிங்கிள்; இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. மெட்டு என்ற அளவில் இந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த மெட்டு இதுதான், அந்தப் பிரபலமான கடைசிப் பாட்டையும் சேர்த்தே சொல்கிறேன். 'தி சவுண்ட் ஆஃப் தி கிரவுட்' இதற்கு நேர் எதிராக மெட்டை ஏறக்குறையக் கைவிட்டு, கனத்த அடித்தாளத்தையும் கூட்டமாக எழுப்பும் குரலையும் மட்டும் நம்புகிறது. புதிய குழுவும் ரஷன்ட்டும் சேர்ந்து முதலில் முடித்த பாட்டு இது. பிரிட்டனில் 12ஆம் இடத்தைப் பிடித்து, உடைந்த குழு உயிரோடுதான் இருக்கிறது என்று அறிவித்ததும் இதுவே. 'டார்க்னெஸ்' இருளுக்கு அஞ்சுபவனின் பாட்டு; அச்சத்தைக் கொஞ்சம் அதிகமாகவே விளக்கிவிடுகிறது. 'டூ ஆர் டை' தேவைக்கு மேல் நீளம். பக்கத்தைத் திருப்பிப் போடலாம்.

இரண்டாம் பக்கம் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் செலுத்தும் அதிகாரத்தைப் பற்றியது. ஆல்பம் இதைத் திட்டமிட்டுச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. ரைட்டின் ஸ்லைடு பெட்டியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழும் படங்களைப் போல இந்தப் பாட்டுகள் அமைந்திருக்கின்றன. முதல் படம், 1971இல் வந்த 'கெட் கார்ட்டர்' என்ற குற்றப் படத்தின் முகப்பிசை. ஒரு நிமிடமே ஒலிக்கும் இதில் தாளமும் இல்லை, துணை இசையும் இல்லை. ஒற்றைச் சின்தசைசர் அந்த மெட்டை மட்டும் மெலிதாக வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அடுத்து, ஓக்கியும் ரைட்டும் எழுதிய 'ஐ ஆம் தி லா'. '2000 ஏடி' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழின் ஜட்ஜ் டிரெட் என்ற பாத்திரம் இதன் மூலம்; பிடிப்பதும் விசாரிப்பதும் தண்டிப்பதும் ஒரே ஆளாக இருக்கும் எதிர்காலக் காவலர் அவர். சட்டமே நான் என்று சொல்பவரின் வாயாலேயே பாட்டு ஒலிக்கிறது. மெதுவான நடை, கோயில் மணியைப் போல விட்டுவிட்டு ஒலிக்கும் சுரங்கள். உன்னைக் காப்பதற்காகத்தான் நான் இருக்கிறேன் என்று உறுதி கூறும் அந்தக் குரலில் அன்பைப் போன்ற ஏதோ இருக்கிறது. அதுதான் உண்மையில் பயமூட்டுகிறது.

அடுத்தது 'செகண்ட்ஸ்'. ஆல்பத்தின் சிகரம் என்று தயங்காமல் சொல்வேன். 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றிய பாட்டு இது. இப்படிப்பட்ட பொருளை எடுத்துக்கொள்பவர்கள் வழக்கமாக இறந்தவருக்காக இரங்குவார்கள், அல்லது ஒரு நாடே அழுததைச் சொல்வார்கள். இந்தப் பாட்டு சுட்டவனைப் பார்த்து 'நீ' என்று பேசுகிறது. வெயில் பளபளக்கும் தெரு, காத்திருக்கும் கூட்டம், விசையில் விரல் மடங்கும்போது வெளுக்கும் கணுக்கள் என்று காட்சியை அருகில் கொண்டுவந்துவிட்டு, ஓர் உயிரைப் பறிக்க உனக்குச் சில விநாடிகளே ஆயின என்ற ஒரே கூற்றுக்குப் போய்ச் சேர்கிறது. பிறகு வேறெதுவும் சொல்ல மறுத்து, அந்தக் கூற்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. தீர்ப்பு இல்லை, சாபம் இல்லை. அடியில் எல்எம்-1 ஒரு நூலும் பிசகாமல் அடித்துக்கொண்டே போகிறது. மனிதன் சில விநாடிகளில் செய்துவிட்டதை இயந்திரம் ஐந்து நிமிடம் எண்ணிக்காட்டுவது போல எனக்குத் தோன்றும். டிரம் மெஷினால் உணர்ச்சியைத் தர முடியாது என்பவர்களுக்குப் பதிலாக இந்தப் பாட்டு ஒன்றே போதும்: உணர்ச்சி காட்டும் ஒரு டிரம்மர் இங்கே வாசித்திருந்தால் கடைசிப் பகுதியில் வேகமும் ஓசையும் கூடியிருக்கும், பாட்டு கெட்டிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், 'டோன்ட் யூ வான்ட் மீ' சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்தது இதே 'செகண்ட்ஸ்'தான். பிரிட்டனில் மட்டும் அந்தத் தட்டு 15 லட்சத்துக்கு மேல் விற்றது. இந்த ஆல்பத்தின் மிகப் பெரிய பாட்டு, அத்தனை வீடுகளிலும் தட்டின் அடிப்பக்கத்தில் கிடந்திருக்கிறது.

கொலைக்குப் பிறகு காதல். 'லவ் ஆக்ஷன்' மூன்றாம் இடம்வரை போன சிங்கிள், ஆடவைக்கும் பாட்டு. ஆனால் அதன் நடுவில் ஓக்கி ஓர் அசாதாரணமான காரியம் செய்கிறார்: பேசுவது பில் என்று தன் சொந்தப் பெயரைச் சொல்லி, காதலைப் பற்றித் தனக்குத் தெரிய வந்ததைக் கூறப்போவதாக அறிவிக்கிறார். அதுவரை நீதிபதியின் முகமூடியிலும், கொலையாளியிடம் பேசும் சாட்சியின் இடத்திலும் இருந்தவர் திடீரென்று தானாகவே முன்னால் வந்து நிற்கிறார். பெயர் சொல்லிவிட்ட ஆளை இனிமேல் நாம் வெறும் பாத்திரமாகக் கேட்க முடியாது.

அந்த நிலையில்தான் கடைசிப் பாட்டின் அந்தப் பிரபலமான சின்தசைசர் வரி தொடங்குகிறது. மது விடுதியில் பரிமாறிக்கொண்டிருந்த உன்னைக் கண்டெடுத்து ஆளாக்கியவன் நான், ஐந்து ஆண்டில் உலகம் உன் காலடியில் கிடக்கிறது, மேலே ஏற்றிய எனக்குக் கீழே இறக்கவும் தெரியும் என்கிறான் ஆண். தனியே கேட்டால் இது காதல் தோல்வியின் கெஞ்சலாகத் தோன்றலாம். பல்லவியின் மெட்டு அவ்வளவு சுலபமாகக் கூடப் பாட வைக்கிறது. 'ஐ ஆம் தி லா' கேட்டுவிட்டு வருபவருக்கு அந்தக் குரல் பழகிய குரல்: உன் நன்மைக்காகத்தான் என்று சொல்லியபடியே மிரட்டும் அதே கனத்த குரல். இது காதல் பாட்டே அல்ல, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அதிகாரப் போட்டியைப் பற்றிய கசப்பான பாட்டு என்று ஓக்கியும் பின்னாளில் விளக்கியிருக்கிறார். அவர் சொல்லாமலே அதைப் புரியவைக்கும் வரிசையை அவர்தான் அமைத்துக் கொடுத்திருந்தார்.

இரண்டாவது சரணத்தை சூசன் சலி பாடுகிறார். விடுதியில் வேலை செய்தது உண்மைதான் என்று அவன் சொன்ன சொற்களையே திரும்பச் சொல்லி ஒப்புக்கொள்கிறாள் அந்தப் பெண். ஆனால் அப்போதே இதைவிட நல்ல இடத்துக்குப் போவேன் என்று எனக்குத் தெரியும், நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் போயிருப்பேன் என்கிறாள். குரலில் கோபம் இல்லை, நாடகம் இல்லை, கொஞ்சம் சலிப்பு மட்டும் இருக்கிறது. ஓர் இரவு விடுதியில் கண்டெடுக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்த பெண், கண்டெடுத்த ஆளின் பக்கத்தில் நின்று இதைப் பாடுகிறாள் என்பதை அக்காலத்தில் கவனிக்காதவர்கள் இருந்திருக்க முடியாது. பாட்டு அவர்களுடைய கதை அல்ல. சலி பரிமாறும் வேலையில் இருந்தவரும் அல்ல, பள்ளி மாணவி. ஆனாலும் பயிற்சியற்ற அந்தச் சமதளமான குரல் இங்கே வேறு எந்தத் திறமையாலும் ஈடுசெய்ய முடியாததாக ஆகிவிடுகிறது: அவள் அவனை வெல்ல முயலவில்லை, விவரத்தைத் திருத்திவிட்டு நகர்கிறாள்.

அவனிடம் அதற்குப் பதில் இல்லை. பல்லவிக்கே திரும்பி, என்னை வேண்டாமா என்று கேட்கிறான். மற்றக் குரல்களும் சேர்ந்துகொள்கின்றன. முதல் பாட்டில் வேண்டியவற்றையெல்லாம் பட்டியலிட்ட அதே வாய் இப்போது ஒரே ஒரு கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. டிரம் மெஷின் நிற்பதாக இல்லை. ரஷன்ட் ஒலியின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போகிறார். கேள்வி முடிவதற்கு முன் தட்டு முடிந்துவிடுகிறது.